தாத்தா நோட்டில் இருந்த ‘கே’

(ஒலி வடிவில் வந்த எபிசோடின் எழுத்துப் பிரதி. வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சுநடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

தாம்பரத்துல செங்கல்பட்டு லோக்கல் ஏறி, ஜன்னல் சீட்டும் கிடைச்சிருச்சுன்னா, வண்டலூர் தாண்டினதும் ஒரு விளையாட்டு ஆடலாம். ஜிஎஸ்டி ரோடு பக்கம் வர்ற போர்டுகளை மட்டும் படிச்சுக்கிட்டே போகணும். கூடுவாஞ்சேரி கிட்ட மனை விளம்பரம்: ‘24 எல் முதல்’. கொஞ்சம் தள்ளி ஒரு வில்லா: ‘1.2 சிஆர்’. பொத்தேரி நெருங்கும்போது டை கட்டின ஒரு பையன் போட்டோ, கீழ ‘12 எல்பிஏ’. பக்கத்து சீட்டுல ஒருத்தர் ரீல்ஸ் பார்த்துட்டு இருப்பார், அதுல ‘348 கே’ லைக். காட்டாங்குளத்தூர்ல இறங்குறதுக்குள்ள நாலு விதமான எழுத்து, நாலு விதமான பெருக்கல் கணக்கு. ஒருத்தரும் நின்னு யோசிக்கறதில்ல. நானும் யோசிச்சதில்ல.

நான் காட்டாங்குளத்தூர்க்காரன். இந்த மாதிரி ஒத்தை எழுத்தை தப்பா படிச்சதால எங்க வீட்டுல ரெண்டு தடவை பணம் போயிருக்கு. ஒரு தடவை நான் விட்டது. இன்னொரு தடவை எங்க அப்பா விட்டது, நான் பொறக்கறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வரலாறு இருக்கு. இன்னிக்கு அதைத்தான் பேசப்போறேன்.

முதல்ல என் கதை, ஏன்னா அது சின்னது, கொஞ்சம் கேவலமானதும்கூட. இந்த பாட்காஸ்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் வீடியோ போட்டுட்டு இருந்தேன். ஒரு வெளிநாட்டு கம்பெனி மெயில் அனுப்புச்சு. உங்க அடுத்த வீடியோவுல எங்க விளம்பரத்தைச் சேருங்க, பார்வைக் கணக்குப்படி காசு தர்றோம், ரேட் ரெண்டு டாலர் ‘சிபிஎம்’னு. நான் அந்த கடைசி ‘எம்’மை மில்லியன்னு எடுத்துக்கிட்டேன். பத்து லட்சம் பார்வைக்கு ரெண்டு டாலர். என் வீடியோ நல்லா ஓடினா நாலு லட்சம் போகும். கணக்குப் போட்டா 80 சென்ட். அப்போதைய மதிப்புல ஒரு அறுபத்தஞ்சு ரூபா. இதுக்கு பேங்க் டீட்டெயில்ஸ் அனுப்பி, ஃபார்ம் ரொப்பி... பெருந்தன்மையா பதில் போட்டேன்: “காசெல்லாம் வேணாம், சும்மாவே போட்டுக்கறேன்.”

வீடியோ நாலு லட்சம் போச்சு. அப்புறம்தான் விளம்பரக் கம்பெனியில வேலை பார்க்குற ரூம்மேட் தலையில அடிச்சுக்கிட்டு சொன்னான். அந்த ‘எம்’ மில்லியன் இல்லடா, ‘மில்லே’. லத்தீன்ல ஆயிரம். ஆயிரம் பார்வைக்கு ரெண்டு டாலர். அதாவது 800 டாலர். நான் வேணாம்னு சொன்னது 65 ரூபா இல்ல, 65 ஆயிரம் ரூபா.

கம்பெனி மேல தப்பே இல்ல. அவங்க சரியாத்தான் எழுதியிருந்தாங்க. எனக்குத்தான் அந்த எழுத்து எந்த ஊர்லேர்ந்து வந்ததுன்னு தெரியல.

ரோமானியர்களுக்கு ‘எம்’னா ஆயிரம். அதுக்கு மேல அவங்களுக்குத் தனிச் சொல் கிடையாது, ‘ஆயிரங்களில் இத்தனை’ன்னுதான் சொல்லணும். பிறகு இத்தாலிய மொழியில ‘மில்லே’ கூட பெரியதுன்னு காட்டுற ஒரு விகுதியைச் சேர்த்து ‘மில்லியோனே’ன்னு ஆக்குனாங்க. நேரா தமிழ்ல சொன்னா ‘பெரிய ஆயிரம்’. மில்லியன் பிறந்தது அப்படித்தான். இப்போ சிக்கலைப் பாருங்க: ஆயிரத்துக்கும் முதல் எழுத்து ‘எம்’, பெரிய ஆயிரத்துக்கும் முதல் எழுத்து ‘எம்’.

இந்தச் சிக்கலை ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு மாதிரி தீர்த்துக்கிச்சு. விளம்பரத் தொழில் பழைய லத்தீன் அர்த்தத்தையே வெச்சுக்கிச்சு. வங்கிக்காரங்கள்ல ஒரு கூட்டமும் எண்ணெய், எரிவாயுக்காரங்களும் ‘எம்’னா ஆயிரம், அப்போ ‘எம்எம்’னா ஆயிரம் ஆயிரம், அதாவது மில்லியன்னு முடிவு பண்ணாங்க. கிருஷ்ணா கோதாவரி எரிவாயு விலை 4.2 டாலரா, 8.4 டாலரான்னு நம்ம ஊர்ல பெரிய சண்டை நடந்தது ஞாபகம் இருக்கலாம். அந்த விலையெல்லாம் ஒரு ‘எம்எம்பிடியூ’வுக்கு. அதுல இருக்குற ரெண்டு ‘எம்’ இதுதான். ஒரு ரோமானியர் வந்து படிச்சா ‘எம்எம்’மை ரெண்டாயிரம்னு படிப்பார்ங்கறது வேற விஷயம்.

‘கே’ கதை சுலபம். கிரேக்கத்துல ஆயிரத்துக்கு ‘கிலியோய்’. 1795-ல பிரெஞ்சுக்காரங்க மெட்ரிக் அளவுகளை சட்டமாக்கினப்போ அதைச் சுருக்கி ‘கிலோ’ன்னு வெச்சாங்க. கிலோகிராம் கடைக்கு வந்துச்சு, கிலோபைட் கம்ப்யூட்டருக்கு வந்துச்சு, அங்கேர்ந்து சம்பளத்துக்கும் லைக்குக்கும் வந்துச்சு. அவ்வளவுதான்.

இப்போ அப்பா கதை.

எங்க தாத்தா 1985-ல இறந்தார். சின்ன மளிகைக் கடை வெச்சிருந்தார், கொஞ்சம் நெல்லும் வாங்கி வித்தார். இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள், அவர் வழக்கமா சரக்கு எடுக்குற மண்டிக்காரர் வந்து, “உங்க அப்பா எனக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு தரணும்”னு சொல்லியிருக்கார். அப்பாவுக்கு அப்போ முப்பது வயசு. தாத்தாவோட கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்திருக்கார். மண்டிக்காரர் பேர்ல ஒரு பக்கம் இருந்திருக்கு. ஆனா எண்ணே இல்ல. ஏதோ ‘உ’, ‘ரு’ன்னு எழுத்துகளும், சுழிச்சு சுழிச்சு கோடுகளும். அப்பா பள்ளிக்கூடத்துல படிச்சது ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு இன்னிக்கு நாம எழுதுற எண்தான். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் கேட்ட தொகையை அப்பா கொடுத்துட்டார். அதுக்கு ஆயாவோட ஒரு ஜோடி வளையல் போச்சு.

2020 லாக்டவுன்ல பரண் சுத்தம் பண்ணும்போது அந்த நோட்டு என் கைக்கு வந்துச்சு. வேலை வெட்டி இல்லாததால படிக்க உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்துல ரெண்டே வரி. முதல் வரி இப்படி: ௷ ௨௲௫௱. ரெண்டாவது வரி: ௶ ௲௨௱.

இதைப் படிக்கறதுக்கு உங்களுக்கு மூணு விஷயம் தெரிஞ்சா போதும். தமிழ் எண்கள்ல ௧, ௨, ௩ன்னு ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரைக்கும் இருக்கறது பலருக்குத் தெரியும், பஸ் பின்னாடிகூட எழுதியிருப்பாங்க. அதோட கூட பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ன்னு தனிக் குறிகள் உண்டு. எனக்கு முதல்ல அந்த ஆயிரம் ‘சூ’ மாதிரி தெரிஞ்சது. பழைய முறையில ரெண்டாயிரத்து ஐந்நூறை எழுதணும்னா பூஜ்ஜியமே வேண்டாம். ரெண்டு போடு, பக்கத்துல ஆயிரக் குறி. அஞ்சு போடு, பக்கத்துல நூறுக் குறி. ௨௲௫௱. நாம வாயால சொல்ற வரிசையிலேயே எழுதிடலாம்.

கவனிச்சீங்களா? ௨௲. இது ‘2 கே’. அதே கட்டமைப்பு, அதே வேலை. இன்ஸ்டாகிராம்ல ‘கே’ செய்யற காரியத்தை எங்க தாத்தா நோட்டுல அந்தச் சுழி செஞ்சிட்டு இருந்திருக்கு. இன்னும் மேல போகலாம். லட்சம் எழுதணும்னா நூறையும் ஆயிரத்தையும் சேர்த்து ௱௲, அதாவது நூறாயிரம். லட்சத்துக்குத் தமிழ்ப் பேரே நூறாயிரம்தானே. ரெண்டு ஆயிரக் குறியைச் சேர்த்து ௲௲ன்னு எழுதினா ஆயிரம் ஆயிரம், பத்து லட்சம், மில்லியன். எரிவாயுக்காரங்களோட ‘எம்எம்’ இருக்கே, கணக்கு முறை அச்சு அசல் அதேதான். இதைப் பார்த்தப்போ ரொம்ப நேரம் பரண்லயே உட்கார்ந்திருந்தேன். நான் 65 ஆயிரம் விட்ட அதே இடம்.

மூணாவது விஷயம், வரி ஆரம்பத்துல இருக்குற குறிகள். ௷ன்னா வரவு. ௶ன்னா பற்று. மண்டிக்காரர்கிட்டேர்ந்து வந்தது ரெண்டாயிரத்து ஐந்நூறு. அவருக்குக் கொடுத்தது ௲௨௱, ஆயிரத்து இருநூறு. இங்க ஒரு நுணுக்கம்: ஆயிரத்தை எழுதும்போது முன்னாடி ‘ஒண்ணு’ போட மாட்டாங்க, நாமளும் ‘ஓராயிரத்து இருநூறு’ன்னு சொல்றதில்ல இல்லையா, ‘ஆயிரத்து இருநூறு’தான். ஆக பாக்கி 1,300 ரூபாதான். அப்பா 2,500 கொடுத்திருக்கார். மண்டிக்காரர் மறந்தாரா, மறைச்சாரான்னு இப்போ சொல்ல முடியாது. அவரும் இல்ல.

இதெல்லாம் ஏதோ எங்க தாத்தாவோட ரகசிய எழுத்து இல்ல. இந்தச் செங்கல்பட்டு வட்டாரமே ஒரு காலத்துல இப்படித்தான் கணக்கு எழுதிச்சு. அதுக்கு ஆதாரம் மலை மாதிரி இருக்கு. 1760-கள்ல செங்கல்பட்டு ஜாகீர்னு இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. இங்க என்ன விளையுது, யாருக்கு எவ்வளவு போகுதுன்னு அவங்களுக்குத் தெரியல. தாமஸ் பர்னார்டுன்னு ஒரு பொறியாளரை வெச்சு 1767 முதல் 1774 வரைக்கும் சர்வே பண்ணாங்க. ஏறத்தாழ ரெண்டாயிரம் ஊர்கள். ஒவ்வொரு ஊரோட நிலம், ஏரி, வீடுகள், விளைச்சல், அந்த விளைச்சல்ல கோயிலுக்கு எவ்வளவு, வண்ணாருக்கு எவ்வளவு, கொல்லருக்கு எவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவுன்னு எல்லாம். பர்னார்டு பேர்ல சர்வே இருந்தாலும், அடிப்படைக் கணக்கு ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழ்ல, ஓலையில எழுதினது. அந்த ஓலைகள்ல ஒரு பகுதி இன்னிக்கும் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல இருக்கு. நம்ம லோக்கல் ட்ரெயின் போற வழியில இருக்கற ஊர்களோட ‘எக்செல் ஷீட்’ அது.

அந்தக் கணக்குப்பிள்ளைகள் எங்க படிச்சாங்க? திண்ணைப் பள்ளிக்கூடத்துல, எண்சுவடியை மனப்பாடம் பண்ணி. புதுச்சேரியில ஆய்வு செய்யற செந்தில் பாபு இந்தக் கணக்கு உலகத்தைப் பத்தி 2022-ல ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார். ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நாம பெரிய எண்களுக்குச் சுருக்கம் தேடிட்டு இருக்கோம். அவங்க அதைவிட அதிகமா சின்ன எண்களுக்குத் தேடினாங்க. கால், அரைக்கால், மாகாணி, அதுக்கும் கீழ முந்திரி. முந்திரின்னா 320-ல ஒரு பங்கு. அந்த முந்திரியிலயும் 320-ல ஒரு பங்கு கீழ்முந்திரி: 1,02,400-ல ஒண்ணு! யாருக்கு வேணும் இவ்வளவு சின்ன பங்கு? நிலத்தையும் நெல்லையும் பல பேருக்குப் பங்கு போடுறவனுக்கு வேணும். எட்டு படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம்னு அளக்குற களத்துல, பெரிய தொகையைவிட அதுல என் பங்கு என்னங்கறதுதான் கேள்வி.

சரி, இவ்வளவு வசதியா இருந்த ௲ ஏன் போச்சு?

கூட்டிப் பாருங்க, தெரியும். ௨௲௫௱ கூட ௲௨௱ஐ பேப்பர்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு எழுதிக் கூட்டலாம், பெருக்கணும்னா நொந்துடுவீங்க. பழைய கணக்கர் மனசுல பெருக்கி, விடையை மட்டும் எழுதுவார். அந்த எழுத்து விடையைப் பதிவு பண்றதுக்கு, கணக்குப் போடறதுக்கு இல்ல. பேப்பர்லயே கணக்குப் போடணும்னா ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் இடத்தால மதிப்பு வரணும், காலி இடத்தை நிரப்ப பூஜ்ஜியம் வேணும். 1825-ல சென்னையில ‘கணித தீபிகை’ன்னு ஒரு தமிழ்க் கணக்குப் புத்தகம் அச்சாச்சு. தமிழ் எண்களோட பூஜ்ஜியத்தைச் சேர்த்து, இடமதிப்பு முறையில எழுத சொல்லிக் கொடுத்த புத்தகம். அதுக்குப் பிறகு பள்ளிக்கூடம், அரசாங்க அலுவலகம், அச்சகம்னு எல்லாமே அந்தப் பக்கம் சாய்ஞ்சது. கடைசியில தமிழ் எண் வடிவங்களே புழக்கத்துலேர்ந்து போச்சு. தாத்தா மாதிரி ஆட்கள் நோட்டுல மட்டும் பாக்கி.

இதுல ஒரு வேடிக்கை. பூஜ்ஜியம் கணக்குப் போடறதைச் சுலபமாக்குச்சு, ஆனா படிக்கறதைக் கஷ்டமாக்குச்சு. 10000000-ன்னு எழுதினா ஒரு பார்வையில சொல்ல முடியுமா, கோடியா பத்து கோடியான்னு? அதனால கமா போட ஆரம்பிச்சோம். அந்தக் கமாவும் நாட்டுக்கு நாடு வேற. நாம முதல்ல மூணு, அப்புறம் ரெண்டு ரெண்டா வெட்டுவோம், ஏன்னா நம்ம பேர்கள் ஆயிரம், லட்சம், கோடி. அவங்க மூணு மூணா வெட்டுவாங்க. போன் ஸ்கிரீன் வந்ததும் கமாவுக்கும் இடமில்ல. அப்போ பூஜ்ஜியத்தைத் தூக்கிட்டு ஒரு எழுத்து. ௲ போன வாசல் வழியா ‘கே’ உள்ள வந்துச்சு.

‘பி’ கதையை மட்டும் சொல்லாம விட முடியாது. பில்லியன்னா எவ்வளவு? நூறு கோடின்னு சொல்வீங்க. 1484-ல நிக்கோலா ஷுக்கேன்னு ஒரு பிரெஞ்சுக் கணித ஆசிரியர் அந்தச் சொல்லை எழுதினப்போ அதுக்கு அர்த்தம் மில்லியன் மில்லியன். அதாவது லட்சம் கோடி. பிற்பாடு பிரான்ஸ்லயே ஒரு கூட்டம் அதை ஆயிரம் மில்லியனாக் குறைச்சுது, அமெரிக்கா அதைப் பிடிச்சுக்கிச்சு. பிரிட்டன் பழைய பெரிய பில்லியனையே வெச்சிருந்தது. நூறு கோடியா, லட்சம் கோடியா? ஆயிரம் மடங்கு வித்தியாசத்தோட ரெண்டு பெரிய நாடுகள் ஒரே சொல்லைப் புழங்கிட்டு இருந்தாங்க! 1974 டிசம்பர்ல பிரதமர் ஹெரால்டு வில்சன், இனி அரசாங்கம் பில்லியன்னு சொன்னா ஆயிரம் மில்லியன்தான்னு பாராளுமன்றத்துல பதில் கொடுத்தார். பிரான்ஸோ 1961-லயே திரும்பவும் பெரிய பில்லியனுக்குப் போயிருச்சு. ஜெர்மனியில இன்னிக்கும் ‘பில்லியன்’னா லட்சம் கோடிதான், நூறு கோடிக்கு அவங்க ‘மில்லியார்டே’ன்னு வேற சொல் வெச்சிருக்காங்க. மறைமலை நகர்லயோ மகிந்திரா சிட்டியிலயோ ஜெர்மன் க்ளையன்ட் கூட வேலை பார்க்குறவங்க இதை ஒரு தடவை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நம்மகிட்ட மட்டும் இந்தக் குழப்பம் இல்லன்னு நினைச்சுக்காதீங்க. தொல்காப்பியத்துலயே பெரிய எண்களோட பேர் எப்படி முடியும்னு குறிப்பு இருக்கு. உரைகாரர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல்னு உதாரணம் சொல்றாங்க. பரிபாடல்ல நெய்தல், குவளை, சங்கம்னு இன்னும் சில. பூக்களும் சங்கும் வெள்ளமும், எல்லாம் எண்கள். அழகுதான். ஆனா ஒரு தாமரைன்னா எவ்வளவு? வடமொழிக் கணித நூலான லீலாவதியில ‘அப்ஜம்’, அதாவது தாமரை, நூறு கோடி. இன்னிக்கு இந்தியில ‘பத்மம்’, அதுவும் தாமரைதான், ஒண்ணுக்குப் பின்னாடி பதினஞ்சு பூஜ்ஜியம். லட்சம், கோடின்னு ரெண்டும் தப்பிச்சதுக்குக் காரணம், தினமும் சந்தையில யாராவது அதைச் சொல்லிக் காசு கொடுத்து வாங்கினாங்க. தாமரையைச் சொல்லி யாரும் நெல் வாங்கல.

இந்தப் பேர்களுக்குப் பின்னாடி எந்த ஊர் இருக்குன்னு பார்க்க இன்னொரு வழி இருக்கு. கொழும்புல வர்ற வீரகேசரியோ தினக்குரலோ எடுத்துப் பாருங்க. பட்ஜெட் செய்தியில ‘மில்லியன் ரூபா’, ‘பில்லியன் ரூபா’ன்னு இருக்கும். அதே நாள் சென்னைப் பேப்பர்ல ‘லட்சம் கோடி’. ஒரே மொழி. ரெண்டு அரசாங்கம், ரெண்டு எண்ணிக்கை. இப்போ உங்க போன் மொழியைத் தமிழுக்கு மாத்திப் பாருங்க. பல செயலிகள்ல ‘348 கே’ங்கறது ‘348ஆ’ன்னு மாறும், ‘1.2 எம்’ங்கறது ‘1.2மி’ன்னு. ‘ஆ’ன்னா ஆயிரம், ‘மி’ன்னா மில்லியன். போன்கள் எந்த மொழிக்கு எந்தச் சுருக்கம்னு தெரிஞ்சுக்கப் பயன்படுத்துற ஒரு பொதுத் தரவுத் தொகுப்பு இருக்கு, யூனிகோடு அமைப்பு நடத்தறது. அதுல இந்திக்கு லட்சமும் கோடியும் இருக்கு. தமிழுக்கு மில்லியன், பில்லியன். சென்னையில யாரும் ‘பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்தாங்க’ன்னுதான் பேசுவாங்க, போன் மட்டும் ‘1.2மி’ங்குது. எனக்கு இது எரிச்சல்தான். ஆனா யாழ்ப்பாணத்துல ஒருத்தருக்கு அது சரியாவே இருக்கலாம்.

காசு விஷயத்துல இது எங்க கடிக்கும்னா, பங்குச் சந்தையில. புதுசா டீமாட் அக்கவுன்ட் ஆரம்பிச்ச பசங்க நம்ம கேட்குறவங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. இன்ஃபோசிஸ் அறிக்கையைத் திறந்தா தலைப்புக்குக் கீழ ‘ரூபாய் கோடியில்’னு இருக்கும். விப்ரோ அறிக்கையில ‘ரூபாய் மில்லியனில்’. ஒரு கோடிங்கறது பத்து மில்லியன். அந்தச் சின்ன எழுத்து வரியைப் படிக்காம ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, விப்ரோ பத்து மடங்கு ஊதித் தெரியும். யாரும் ஏமாத்தல. 2013 கம்பெனிச் சட்டத்தோட மூணாவது அட்டவணையே லட்சம், மில்லியன், கோடி எல்லாத்தையும் அனுமதிக்குது. நிறுவனத்தோட அளவைப் பொறுத்து எதைப் பயன்படுத்தலாம்னு சொல்லுது. ஒரே அறிக்கைக்குள்ள மாத்தக் கூடாது, அவ்வளவுதான்.

‘லட்சம் கோடி’ங்கற சேர்க்கையைத் தமிழ்நாட்டுத் தெருவுக்கே பழக்கமாக்குனது 2010 நவம்பர். அலைக்கற்றை ஒதுக்கீடு பத்தின தணிக்கை அறிக்கையில 1,76,645 கோடின்னு ஒரு மதிப்பீடு. டீக்கடையில பேனா எடுத்து எத்தனை பூஜ்ஜியம்னு எண்ணினதை நான் பார்த்திருக்கேன். அப்போ நான் ஸ்கூல் பையன். அந்த அறிக்கையில ஒரே எண் இல்ல. 57,666 கோடி, 67,364 கோடி, 69,626 கோடின்னு வேற வேற அடிப்படையில வேற மதிப்பீடுகளும் இருந்துச்சு. சிபிஐ குற்றப்பத்திரிகையில சுமார் 30,984 கோடி. 2017 டிசம்பர் 21-ல சிறப்பு நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு. அந்த வழக்கோட சரி தப்புக்குள்ள நான் போகல. ஆனா இத்தனை எண்கள்ல ஊர் வாயில நின்னது ஒண்ணே ஒண்ணு, அதையும் ‘ஒண்ணே முக்கால் லட்சம் கோடி’ன்னு சுருக்கி. சொல்றதுக்கு வாகா இருந்த எண் ஜெயிச்சுது.

திரும்ப நோட்டுக்கு வர்றேன். ௶, ௷ எல்லாம் என் போன்ல எப்படி வந்துச்சுன்னு கேட்பீங்க. 2003-ல யூனிகோடு நாலாவது பதிப்புல நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய்னு பழைய கணக்குக் குறிகளைச் சேர்த்தாங்க. 2019-ல முந்திரி மாதிரி பின்னங்களையும் சேர்த்தாங்க. ரூபாய்க்கு ௹ன்னு தனிக் குறியே இருக்கு. 2025 மார்ச்ல தமிழ்நாடு பட்ஜெட் இலச்சினையில ‘ரூ’ போட்டதுக்கு நாடு முழுக்க விவாதம் நடந்துச்சே, நான் பார்த்த ஒரு விவாதத்துலயும் யாரும் ௹ பத்திப் பேசல.

அப்பாகிட்ட அந்தப் பக்கத்தைக் காட்டினேன். முதல்ல சொல்ல வேணாம்னுதான் நினைச்சேன். முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, ஆயாவும் இல்ல. ஆனா மறைச்சு வெக்கவும் மனசு வரல. அவர் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். விரலை வெச்சு, “இதா ஆயிரம்?”னு கேட்டார். ஆமான்னேன்.

“சீமெண்ணெய் டின் மேலயும் இதைத்தான்டா எழுதி வெச்சிருப்பார். நான் ஏதோ சாமி எழுத்துன்னு நினைச்சேன்.”

அப்புறம் ஒரு பேனா கேட்டார். நோட்டோட அதே பக்கத்துல, தாத்தா எழுதினதுக்குக் கீழ, தடுமாறி தடுமாறி ௶ போட்டு ௨௲௫௱ன்னு எழுதினார். தான் கொடுத்த தொகை. பக்கத்துல 1985-ன்னு நம்ம எண்லயே தேதி போட்டார்.

உங்க வீட்டுப் பரண்லயும் இந்த மாதிரி நோட்டு, பத்திரம், ஓலை ஏதாவது இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. படிக்கத் தெரியலன்னாலும் பரவாயில்ல. நிறைய வந்தா அடுத்த எபிசோட்ல உட்கார்ந்து சேர்ந்தே படிப்போம். எழுத்து தெளிவா தெரியற மாதிரி, பகல் வெளிச்சத்துல எடுங்க.